தண்ணீர்த் தொட்டியிலிருந்து படித்துறை வரை

அலோன், ரங்கூன்
2 ஜூன் 2025

அன்புத் தம்பி ஜேசுராஜுக்கு,

அக்கா ஹன்னா எழுதுகிறேன். ஆண்டவர் கிருபையால் நானும் ஷைலாவும் சுகமே. உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? அங்கே குளிர் தொடங்கியிருக்கும். காலையில் வெறுங்காலோடு பண்ணையில் நடக்காதே.

உன் மருமகள் ஷைலா மூன்று மாதம் முழுகாமல் இருக்கிறாள். வாயில் எதுவும் தங்கவில்லை. புளித்த மாங்காயும் சோடாவும்தான் உணவு. அவள் புருஷன் முரளிதரனுக்கு வயது முப்பத்திரண்டு. குலுக்கலில் பெயர் வந்தால் பட்டாளத்துக்குப் போக வேண்டும். அதைத் தவிர்க்க வார்டுக் காவல் குழுவில் சேர்ந்துவிட்டான். என்னிடம் கேட்கவில்லை. கிட்டங்கிக் கணக்கர் வேலை போயிற்று. இப்போது பச்சைத் தொப்பி.

குழுவில் முதல் வேலை, கிட்டங்கிச் சந்துகளில் திரியும் நாய்களை ஒழிப்பது. எங்கிருந்தோ பிடித்த மூன்று பழைய வேட்டைத் துப்பாக்கிகளைப் பாயில் பரப்பி வைத்திருக்கிறார்களாம். ஒன்று .22, ஒன்று .223, ஒன்று .308. "எங்க மாமா ஆஸ்திரேலியாவில் நரி சுடுறவர், எனக்கு எல்லாம் தெரியும்" என்று இவன் அளந்துவிட்டான். அதனால் முதலில் தேர்ந்தெடுக்கும் உரிமை இவனுக்கு. இப்போது விழிக்கிறான். கூட்டாளிகளிடம் கேட்டால் மானம் போகும். போனில் தேடினால் குழுத் தலைவர் போனை வாங்கிப் பார்ப்பார். உனக்கோ பண்ணையில் டவர் இல்லை. ஆகவே "அத்தை, மாமாவுக்கு எழுதுங்க" என்று என் காலடியில் வந்து உட்கார்ந்திருக்கிறான். அவனுக்குத் தமிழ் பேசத்தான் வரும், எழுத்துத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். உன் பதிலை நான் வாசித்துச் சொல்ல வேண்டும்.

நாய்க்கு எந்தத் துப்பாக்கி? எழுதவே கை கூசுகிறது. ஆனாலும் எழுது.

கீழ்வீட்டு ஃபக்ருன்னிசா உனக்கு சலாம் சொன்னாள்.

ஜெபத்தில் உன்னை நினைக்கும்,
அக்கா


டப்போ அருகே, ஆஸ்திரேலியா
29 ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முதுகு பரவாயில்லை. ஷைலா செய்தி கேட்டுச் சந்தோஷம். அவளுக்கு இஞ்சி கொடு.

இருபது வருஷமாக நான் செய்யும் வேலையைப் பற்றி நம் வீட்டில் யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. இப்போதுதான் கேட்கிறீர்கள், அதுவும் நாய் சுட. சரி, சொல்கிறேன். முரளிக்கு நிதானமாக வாசி.

காலிபர் என்பது குழலின் வாய் அகலம் என்று புத்தகம் சொல்லும். என்னைக் கேட்டால், எதைக் கொல்லப் போகிறாய் என்ற கேள்விக்கு அது பதில். .22 முயலுக்கு. எண்பது மீட்டர், மிஞ்சினால் நூறு. .223 நரிக்கு. தோட்டா மெல்லியதுதான், ஆனால் பின்னால் வெடிமருந்து அதிகம், அதனால் வேகம். இருநூற்றைம்பது மீட்டரில்கூட ஒரு சாண் இறங்காது. .308 காட்டுப் பன்றிக்கும் மானுக்கும். ஊருக்குள் அதைத் தொடவே கூடாது. பன்றியைத் துளைத்து, சுவரைத் துளைத்து, சுவருக்குப் பின்னால் பல் தேய்ப்பவனையும் துளைக்கும்.

தெரு நாய் என்றால் .22 போதும். கிட்டத்தில் போய், ஒரே தோட்டா, தலையில்.

இந்த வேலை பெருமைப்படும்படியானது என்று நினைக்காதே அக்கா. நரி பிறந்த ஆட்டுக்குட்டியின் நாக்கை மட்டும் தின்றுவிட்டுப் போகும். குட்டி உயிரோடு வாயைத் திறந்து திறந்து மூடும், சத்தம் வராது. அதைப் பார்த்த பிறகுதான் விசையை அழுத்த எனக்கு மனம் வரும். அப்புறம் நரியின் தலைத்தோலை உரித்து, உப்பில் போட்டு, கணக்குக்காக முதலாளியிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். கைநாற்றம் சோப்புக்குப் போகாது. அன்றைக்கு இடது கையால் சாப்பிடுவேன்.

ஃபக்ருன்னிசா மகன் யாசர் எப்படி இருக்கிறான்? போன தடவை வந்தபோது பந்து விளையாடி என் முழங்காலைப் பெயர்த்தவன் ஆயிற்றே.

அன்புடன்,
தம்பி ஜேசு


அலோன்
24 ஜூலை 2025

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் நலம். மழை நிற்கவில்லை. இஞ்சி கொடுத்தேன், அதையும் வாந்தி எடுத்தாள்.

உன் கடிதத்தை முரளிக்கு வாசித்துக் காட்டினேன். .22 எடுத்துக்கொண்டான். வேலையும் தொடங்கிவிட்டான். எத்தனை சுட்டான் என்பதற்குச் சாட்சியாக வாலை அறுத்துக்கொண்டு போய்க் காட்ட வேண்டுமாம். பள்ளியில் வருகைப் பதிவு எடுப்பதுபோல் தலைவர் வாலை எண்ணுகிறார். ஈரத்தில் வைத்தால் கெட்டுவிடும் என்று அடுப்படிக் கதவில் பையை மாட்டியிருக்கிறான். பையின் அடியிலிருந்து சொட்டுகிறது. அதன் கீழே ஷைலா காய் நறுக்குகிறாள். "பையை வெளியே மாட்டு" என்றேன். "காக்கா தூக்கிட்டுப் போயிடும் அத்தை" என்றான். அவனுக்கு அது ஒரு பதில்.

நம் சந்து முனையில் ஒரு பழுப்பு நாய் இருந்தது. பள்ளிவிட்டு வரும்போது பேருந்து நிறுத்தத்திலிருந்து என் கூடவே நடக்கும். பையில் அதன் வாலும் இருந்தது. நுனி வெள்ளை, எனக்குத் தெரியாதா? அன்றிலிருந்து அவன் தொட்ட பாத்திரத்தை நான் தொடுவதில்லை. சாப்பாட்டு மேசையில் துப்பாக்கியை வைத்து என் பழைய சேலைத் துணியால் எண்ணெய் போடுகிறான். சோற்றிலும் அந்த எண்ணெய் வாடை.

இப்போது வேலையை மாற்றியிருக்கிறார்கள். பெரிய கிட்டங்கியின் தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்து ஆற்றுப் படித்துறையைப் பார்க்க வேண்டும். இருநூற்றைம்பது மீட்டர் இருக்கும் என்கிறான். அங்கேயும் நாய்களாம். தூரத்துக்கு எது நல்லது என்று மறுபடி கேட்கச் சொன்னான். நான் கணக்கு டீச்சர் இல்லையா, எனக்கே ஒன்று தெரிய வேண்டும். அவ்வளவு தூரத்தில் .22 தோட்டா என்ன ஆகும்? எவ்வளவு இறங்கும்? விளங்கும்படி எழுது.

யாசர் பெயர் போன மாதக் குலுக்கலில் வந்தது. அவன் வீட்டில் இல்லை. அதற்கு மேல் எனக்குத் தெரியாது. ஃபக்ருன்னிசா பேச்சைக் குறைத்துவிட்டாள். எங்கள் வீட்டு மாடிப்படியில் முரளியின் செருப்புச் சத்தம் கேட்டால் கதவைச் சாத்திக்கொள்கிறாள்.

உன் சுகத்துக்காக வேண்டும்,
அக்கா


டப்போ
19 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். கேட்டதற்குப் பதில் முதலில்.

ஐம்பது மீட்டருக்குக் குறி சரிசெய்த .22 ஐ இருநூற்றைம்பது மீட்டரில் சுட்டால் தோட்டா இரண்டு ஆள் உயரம் கீழே இறங்கியிருக்கும். ஆற்றங்கரைக் காற்று அதை ஒரு கை நீளம் தள்ளிவிடும். நெஞ்சைப் பார்த்துச் சுட்டால் அங்கே சேருமுன்பே சேற்றில் புதையும். அந்தத் தூரத்துக்கு .223 தான். .308 அதற்கும் மேலே.

இப்போது என் கேள்வி. நாய் பிஸ்கட்டுக்கு வரும். உட்கார் என்றால் உட்காரும். எந்த நாயைச் சுட இருநூற்றைம்பது மீட்டர் தள்ளித் தொட்டி மேல் ஏற வேண்டும்? நான் தூரத்திலிருந்து சுடுவது நரி என்னைக் கண்டால் ஓடும் என்பதால். மனிதனைக் கண்டு ஓடும் நாய் எது அக்கா?

நெஞ்சைப் பார்த்து என்று மேலே எழுதிவிட்டேன். நாய்க்கு யாரும் அப்படிச் சொல்வதில்லை. என் கையே எழுதிவிட்டது. அந்தச் சொல்லை அடிக்காமல் விடுகிறேன்.

இந்தக் கடிதத்தை முரளிக்கு வாசிக்காதே. எனக்குப் பதில் எழுது. படித்துறையில் யார் படகு ஏறுகிறார்கள்? யாசர் எங்கே?

ஜேசு


டப்போ
12 அக்டோபர் 2025

அக்காவுக்கு,

இரண்டு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. தபால் தொலைந்ததா, நீ எழுதவில்லையா? நான் டவுனுக்குப் போயிருந்தபோது நம் உறவுக்காரி செலினின் மகள் ஒருத்தி மாவ்பியிலிருந்து போன் செய்தாள். நீ நன்றாக இருக்கிறாய், ஞாயிறு பூசைக்கு வந்தாய் என்றாள். அப்படியானால் நீதான் எழுதவில்லை.

போன வாரம் ஒரு நரியைத் துப்பாக்கித் தொலைநோக்கியில் பார்த்தேன். குட்டி போட்ட பெட்டை, வயிறு தொங்கியது. குறிச் சிலுவை அதன் தோளில் நின்றது. அந்தக் கண்ணாடிக்குள் எது வந்தாலும் சின்னதாகத்தான் தெரியும், சத்தமில்லாமல் வாயசைக்கும், உனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று தோன்றும். இருபது வருஷமாக அந்தக் கண்ணாடியை எனக்குப் பிடித்திருந்தது. அன்றைக்கு அதில் கண் வைக்க முடியவில்லை. துப்பாக்கியை இறக்கிவிட்டு வேலி ஓரம் உட்கார்ந்துவிட்டேன். முதலாளி வந்து, "என்னப்பா, வயதாகிவிட்டதா?" என்று சிரித்தார்.

இனி ஒரு எண்கூட எழுதமாட்டேன். அவன் மூன்று துப்பாக்கியையும் ஆற்றில் போடட்டும்.

ஷைலாவுக்கு என் ஆசீர்வாதம்.

ஜேசு


அலோன்
3 நவம்பர் 2025

அன்புத் தம்பி ஜேசுவுக்கு,

சுகம். உன் சுகமும் வேண்டும். ஷைலாவுக்கு அடுத்த மாதம் என்கிறார்கள். கால் வீங்கியிருக்கிறது.

எழுதாமல் இருக்காதே. கெஞ்சிக் கேட்கிறேன். மூன்று துப்பாக்கிக்கும் எண்கள் வேண்டும். எத்தனை மீட்டரில் எவ்வளவு இறங்கும், காற்று எவ்வளவு தள்ளும், குறியை எங்கே பிடிக்க வேண்டும், எல்லாம். பக்கம் பக்கமாக எழுது. முரளி தினமும் கேட்கிறான், "மாமா கடிதம் வந்துச்சா அத்தை?" என்று. தலைவர் துப்பாக்கியை மாற்றினாலும் மாற்றுவாராம். அப்போது என் கையில் பதில் இல்லாமல் இருக்கக் கூடாது. மாணவன் கேள்வி கேட்கும்போது ஆசிரியை "தெரியாது" என்றால் அவன் வேறு ஆசிரியரிடம் போய்விடுவான். அது நடக்கவே கூடாது. புரிந்துகொள்.

நீ கேட்ட மற்றதற்கு இப்போது பதில் எழுத முடியாது. எல்லாத் தபாலும் நீ நினைப்பதுபோல் மூடியே வந்து சேர்வதில்லை. சில உறைகளில் பசை புதிதாக இருக்கிறது.

நேற்று கூட்டாளிகளை வீட்டுக்கு அழைத்து வந்தான். வெற்றிலைச் சாற்றை என் ரோஜாத் தொட்டியில் துப்பினார்கள். ஒருவன் என்னைப் பார்த்து, "சாயாமா, எனக்குப் பத்தாம் வகுப்பில் கணக்கு எடுத்தீங்களே, ஞாபகம் இருக்கா?" என்றான். சாயாமா என்று மரியாதையாக டீச்சரைக் கூப்பிடும் அதே வாய். பிறகு முரளி பக்கம் திரும்பி, "உன் நாய் எப்போ படியிறங்கும்?" என்று கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். முரளியும் சிரித்தான். நான் எழுந்துபோய்க் கை கழுவினேன். எதற்குக் கழுவினேன் என்று தெரியவில்லை.

எழுது. எண்கள்.

அக்கா


டப்போ
30 நவம்பர் 2025

ஹன்னா அக்காவுக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் மடித்துத் தூர வைத்தேன்.

எண்கள் வேண்டுமா உனக்கு? முப்பத்தைந்து வருஷம் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்து விட்டவள் நீ. யாசருக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தவள் நீ. ஏழாம் வாய்ப்பாட்டில் தடுக்குகிறான், ஆரஞ்சு வைத்து எண்ண வைத்தேன் என்று எனக்கு எழுதினாய். இப்போது அந்த வீட்டுக்குள் உட்கார்ந்து, மருமகன் வேறு ஆசிரியரிடம் போய்விடுவானாம், அதற்காகத் தோட்டா எவ்வளவு இறங்கும் என்று என்னைக் கேட்கிறாய். வீட்டில் பேறுகாலப் பெண் இருக்கிறாள், அரிசி அவன் கொண்டுவருகிறான், எனக்கும் புரியாமல் இல்லை. ஆனால் புரிவதால் நாற்றம் குறையவில்லை. நான் நரித்தோல் உரிப்பவன், எனக்கு நாற்றம் பழக்கம். இது அதையும் தாண்டியது.

போகட்டும். கேட்டாய், தருகிறேன். தனித் தாளில் இருக்கிறது. அப்படியே வாசி, ஒரு சொல் மாற்றாதே.

ஷைலாவுக்கு நல்லபடி பிரசவம் ஆகட்டும்.

ஜேசுராஜ்

முரளிக்கு வாசிக்க:

தூரத்துக்கு .22 தான் ராஜா. தோட்டா சின்னது, காற்றை அறுத்துக்கொண்டு நேராகப் போகும். இருநூற்றைம்பது மீட்டருக்குக் குறியை உயர்த்தவே வேண்டாம், பார்த்த இடத்தில் படும். .223 பாதி வழியில் தொய்ந்துவிடும், அதை வைத்தால் நிறைய மேலே தூக்கிப் பிடிக்க வேண்டும். .308 கிட்டத்தில் வரும் எருமைக்கு. அதைத் தோளில் வைத்துச் சுட்டால் எலும்பு முறியும், தொடாதே. — மாமா.


அலோன்
8 பிப்ரவரி 2026

என் அன்புத் தம்பி ஜேசுவுக்கு,

ஷைலாவுக்கு டிசம்பரில் பெண் குழந்தை. தாயும் சேயும் சுகம். குழந்தைக்கு உன் நெற்றி. இந்தக் கடிதத்தைத் தபால்காரர் தொடவில்லை. ஃபக்ருன்னிசா கண் வைத்தியத்துக்கென்று பாங்காக் போகிறாள். குரான் உறைக்குள் வைத்துக் கொண்டுபோய் அங்கிருந்து உனக்கு அனுப்புவாள். அவள் கண்ணுக்கு ஒன்றுமில்லை. யாசர் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டான். அதனால் இனி மறைக்காமல் எழுதலாம்.

நாய்கள் என்றது குலுக்கலில் பெயர் வந்து ஓடிய பிள்ளைகளைத்தான். நீ ஆகஸ்டிலேயே கண்டுபிடித்துவிட்டாய். எனக்கு ஜூனிலேயே தெரியும். துப்பாக்கிகளைப் பாயில் பரப்பிய அன்றைக்கே முரளி உளறிவிட்டான், "முதல்ல நாலு கால், அப்புறம் ரெண்டு கால் அத்தை" என்று.

உன் முதல் கடிதத்தை நான் அவனுக்கு நீ எழுதியபடி வாசிக்கவில்லை. .22 தான் எல்லாவற்றிலும் தூரம் போகும் என்று நீ எழுதியிருப்பதாக வாசித்தேன். அவன் நெற்றியைச் சுருக்கினான். எனக்குத்தான் உதாரணம் சொல்ல வருமே. "அம்மிக்கல்லையும் சுண்டைக்காயையும் கையில் கொடுத்தால் எதை அதிக தூரம் வீசுவாய்?" என்று கேட்டேன். "சுண்டைக்காய்" என்றான். "அதுதான்" என்றேன். பொய்யை நிறுத்தாமல் சொல்ல வேண்டுமானால் உண்மை முழுசாகத் தெரிந்திருக்க வேண்டும். எங்கே திருப்புவது என்று தெரியாமல் எப்படித் திருப்புவேன்? அதனால்தான் உன்னிடம் எண்கள் கேட்டுக் கெஞ்சினேன்.

உன் நவம்பர்த் தாளைப் பிரித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆகஸ்டில் எழுதியதற்கு நேர் எதிராக ஒவ்வொரு வரியும். என்னை நம்பாமல் என்னையே ஏமாற்றப் பார்த்திருக்கிறாய். வாழ்க்கையில் முதல் முறையாக நீ எழுதியதை ஒரு சொல் மாற்றாமல் வாசித்தேன். மேல் தாளில் நீ திட்டியதெல்லாம் எனக்கு இனிப்பாகத்தான் இருந்தது. எங்கள் வீட்டில் அருவருப்புப்பட ஒரு ஆளாவது மிச்சம் இருக்கிறதே என்று.

ஜனவரியில் ஒரு விடியற்காலை யாசர் படகு ஏறப் படியிறங்கினான். முரளி தொட்டி மேல் இருந்தான். தலைவர் கீழே நின்றார். இரண்டு முறை சுட்டான். இரண்டும் கரைக்கு வெகு முன்பே சேற்றில் விழுந்தன. படகு எதிர்க்கரை போய்விட்டது. தலைவர் கூட்டாளிகள் முன்னிலையில் முரளியைச் செருப்பால் அடித்து, .22 ஐப் பிடுங்கிக்கொண்டார்.

அன்று மதியம் கன்னம் வீங்கி அடுப்படியில் உட்கார்ந்திருந்தான். நான் கேட்டேன்:

"யாருன்னு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது. துப்பாக்கிக் கண்ணாடில பார்த்தேன். யாசர்."

"தெரிஞ்சும் சுட்டியா?"

"கீழ நின்னு காது கொடுத்துக்கிட்டு இருக்காங்க அத்தை. சத்தம் கேட்கலேன்னா என்னையில்ல சுடுவாங்க." கன்னத்தைத் தடவிக்கொண்டே சொன்னான்: "சுண்டைக்காய் தூரம் போகாது அத்தை. காத்து பிடிச்சுக்கும். சின்னதுல நாங்க ஆத்தங்கரைல வீசாததா?"

அவனுக்கு நான் வாசித்த அன்றிலிருந்தே தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் .22 எடுத்திருக்கிறான். "மாமா கடிதம் வந்துச்சா" என்று தினமும் கேட்டதும், தலைவர் கேட்டால் மாமா சொன்னார் என்று சொல்லத்தான். எனக்கு நெஞ்சு இளகியிருக்க வேண்டும். இளகவில்லை. அந்தப் பழுப்பு நாயை அவன் கிட்டத்தில் நின்று சுட்டான், அது தப்பவில்லை. வால்பை சொட்டிய இடத்தில் தரை இன்னும் கறுப்பாக இருக்கிறது, ஷைலா எத்தனை தேய்த்தும். அவன் குழந்தையைத் தூக்கினால் நான் எழுந்து அடுத்த அறைக்குப் போகிறேன்.

நேற்று அவனுக்கு .223 கொடுத்துவிட்டார்கள். அதையும் கொண்டுவந்து மேசையில் வைத்து, என் எதிரில் உட்கார்ந்தான். வாசலில் கூட்டாளி ஒருவன் வெற்றிலை மென்றுகொண்டு நின்றான்.

"மாமா இதுக்கு என்ன எழுதியிருக்கார் அத்தை? சத்தமா வாசிங்க."

உன் தாளை எடுத்தேன். வாசலில் இருப்பவனுக்கும் கேட்கும்படி வாசித்தேன். பாதி வழியில் தொய்ந்துவிடும், இருநூற்றைம்பது மீட்டருக்கு ஆளின் தலைக்கு மேல் இரண்டு முழம் தூக்கிப் பிடிக்க வேண்டும் என்று. ஒரு சாண்கூட இறங்காத தோட்டாவுக்கு, நீ எழுதாத முழத்தை நானே சேர்த்துக்கொண்டேன்.

முரளி துப்பாக்கியைப் பார்த்தான், என்னைப் பார்க்கவில்லை.

"ரெண்டு முழம் போதுமா?" என்றான். "காத்து இருக்கே. மூணு வச்சுக்கலாமா?"

"மூன்று" என்றேன்.

உன்னை ஆண்டவர் காக்கட்டும். உன் முதுகுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன்.

அக்கா ஹன்னா